கடன் வாங்கத் தெரிந்த மேயர்

வணிகர் ஒருவர் மேயரானால் நகரத்தின் செலவு குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். கடையைக் கட்டிக் காத்தவர் கஜானாவையும் காப்பார் என்பது அந்த நம்பிக்கையின் அடிப்படை. இதைச் சோதித்துப் பார்க்க ஜோசப் சேம்பர்லினின் வாழ்க்கை நல்ல களம். 1873 நவம்பர் முதல் 1876 ஜூன் வரை இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு மேயராக இருந்தவர் அவர். அதற்கு முன் திருகாணி விற்றவர். வணிகத்திலிருந்து அவர் நகரத்துக்குக் கொண்டுவந்தது சிக்கனம் அன்று, கடன் வாங்கும் துணிவு என்பதே என் கட்சி. அதை நிறுவத் திருகாணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரவேலைக்கான பழைய திருகாணிக்கு மொட்டை முனை. தச்சர் முதலில் துளை போட்டுக்கொண்டால்தான் அது உள்ளே இறங்கும். முனை கூராக, தானே மரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் திருகாணியைச் செய்யும் இயந்திரம் அமெரிக்காவில் உருவாயிற்று. பர்மிங்காமில் திருகாணி செய்துவந்த ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்டு அதன் பிரிட்டன் உரிமையை வாங்க விரும்பினார். விலை 30,000 பவுண்டு. கைப்பணம் போதாமல், லண்டனில் செருப்பு வணிகம் செய்துகொண்டிருந்த தம் மைத்துனரிடம் போனார். மைத்துனர் 10,000 பவுண்டு போட்டார். போட்ட பணத்துக்குக் காவலாக, 1854இல் தம் பதினெட்டு வயது மகனையும் பர்மிங்காமுக்கு அனுப்பிவைத்தார். அத்தை வீட்டுக்காரரின் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கவும் சரக்கு விற்கவும் வந்த அந்தப் பையன்தான் ஜோசப்.

அங்கே அவர் கற்ற பாடம் கவனிக்கத்தக்கது. பெரிய முதலீடு ஒன்றை முதலில் செய்ய வேண்டும். அதற்குப் பிறர் பணத்தை வாங்கக் கூசக் கூடாது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சரக்கு பெருகும், அடக்க விலை இறங்கும், போட்டியாளர்கள் திணறுவார்கள். அப்போது அவர்களை நசுக்குவதைக் காட்டிலும் விலைக்கு வாங்கிவிடுவது மேல். 1860களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட திருகாணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெட்டில்ஃபோல்டு–சேம்பர்லின் நிறுவனத்துடையது. 1874இல், முப்பத்தெட்டு வயதில், பெரும் செல்வத்தோடு அவர் தொழிலை விட்டு விலகினார். மேயர் பதவி அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தது.

அவருக்கு முந்தைய தலைமுறையின் நகராட்சி மன்றத்தைப் பார்த்தால்தான் என் கட்சியின் மறுபாதி விளங்கும். 1850களில் அந்த மன்றம் சிக்கனக்காரர்கள் என்றே பெயர் பெற்ற குழுவின் கையில் இருந்தது. ஜோசப் ஆல்டே அதன் தலைவர். உட்மன் என்ற மதுக்கடையில் கூடி நகர விவகாரங்களைப் பேசி முடிப்பது அவர்கள் வழக்கம். அவர்களும் வணிகர்களே என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சிறு கடைக்காரர்கள். சிறு கடைக்காரருக்குச் சொத்துவரி என்பது இந்த மாதத்துப் பெட்டியிலிருந்து போகும் காசு. சாக்கடை கட்டினால் வரும் பலனோ அவர் பேரப்பிள்ளைகளுக்கு. வரியை ஏற்றக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு அவர்கள் ஆண்டதில் எனக்கு வியப்பில்லை. அதன் விலையை நகரம் வேறு வழியில் கொடுத்தது. மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிணற்றுநீரை நம்பியிருந்தார்கள். அந்தக் கிணறுகளில் பலவற்றில் கழிவுநீர் கலந்திருந்தது. குழாய்த் தண்ணீர் வாரத்தில் மூன்று நாள்தான்.

இந்த நிலையை மாற்றியதில் பிரசங்க மேடைக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்ஜ் டாசன், ஆர். டபிள்யூ. டேல் ஆகிய போதகர்கள், நகரத்தை நன்றாக நடத்துவதும் இறைத்தொண்டே என்று தம் சபையாருக்கு இடைவிடாமல் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும் தொழிலதிபர்கள் இருந்தார்கள். மன்ற உறுப்பினராவது மதிப்புக்குறைவு என்று அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பங்கள் தேர்தலில் நிற்கத் தொடங்கின. ஒருமை இறைக்கோட்பாட்டுச் சபையைச் சேர்ந்த சேம்பர்லினும் 1869இல் செயின்ட் பால் வட்டத்திலிருந்து மன்றத்துக்குள் வந்தார்.

மேயரானதும் முதலில் தொட்டது எரிவாயு. அந்நாளில் தெருவிளக்கும் வீட்டுவிளக்கும் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவில் எரிந்தன. பர்மிங்காமில் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒரே தெருவில் தனித்தனியாகக் குழாய் பதித்து, மாறி மாறித் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தன. திருகாணித் தொழிலில் செய்ததையே சேம்பர்லின் இங்கும் செய்தார்: இரண்டையும் வாங்கிவிடுவது. விலை 1,953,050 பவுண்டு. அவ்வளவு பெரிய கடனை நகரம் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. மன்றத்தில் 54 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள். இந்த வணிகத்தை எனக்கே குத்தகைக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 20,000 பவுண்டு தந்துவிட்டு நானும் செல்வந்தனாகிவிடுவேன் என்று அவர் மன்றத்தில் சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தன் பணத்தை இறக்கத் தயங்காத இடத்தில்தான் பிறர் பணத்தை இறக்கச் சொன்னார். முதலாண்டிலேயே நகராட்சிக்கு 34,000 பவுண்டு இலாபம் வந்தது.

அடுத்தது தண்ணீர். நீர் நிறுவனத்தை 1,350,000 பவுண்டுக்கு நகரம் வாங்கியது. இங்கேதான் இந்த மனிதரை நான் மனமார மதிக்கிறேன். எரிவாயுவில் இலாபம் பார்த்தவர், தண்ணீரில் ஒரு காசும் பார்க்கக் கூடாது என்றார். தண்ணீரின் இலாபம் மக்களின் உடல்நலமாக வந்து சேரும் என்று நாடாளுமன்றக் குழுவிடமே வாதாடினார். மிச்சம் இருந்தால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது கொள்கை. எந்தப் பொருளில் இலாபம் எடுக்கலாம், எதில் எடுக்கலாகாது என்று பிரித்தறிவது கணக்குப்பிள்ளையின் வேலைக்கும் மேற்பட்டது. நல்ல வணிகரிடம் அது இருக்கலாம். சிக்கனம் மட்டும் கற்றவரிடம் இருக்க வழியில்லை.

எரிவாயு இலாபம் போன வழியையும் சொல்ல வேண்டும். பர்மிங்காமுக்குப் பழைய நகரங்களைப் போல நிலமோ அறக்கட்டளையோ பெரிதாக இல்லை; எரிவாயுவே அதற்கு நன்செய் நிலமாயிற்று. கலைக்கூடம் கட்ட வரிப்பணத்தில் வழியில்லாதபோது, எரிவாயுக் குழு தன் அலுவலகத்தைக் கட்டி, அதன் மேல்தளத்தில் கலைக்கூடத்தை அமைத்தது. 1885இல் அது திறக்கப்பட்டது. தொழிலின் ஈட்டத்தால் கலையை வளர்க்கிறோம் என்ற பொருளில் அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. அதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

மூன்றாவது பணி, நகரின் நடுவில் இருந்த நெருக்கடிக் குடியிருப்புகளை அகற்றி ஒரு பெருந்தெரு வெட்டியது. தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்திருத்த 1875இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பயன்படுத்தி நகராட்சி அங்கே பெரும்பரப்பு நிலத்தை வாங்கியது. கார்ப்பரேஷன் தெரு என்று அந்தப் பெருந்தெருவுக்குப் பெயர். நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். கடைக்காரர் தம் செலவில் கட்டடம் எழுப்புவார், வாடகை தருவார், தவணை முடிந்ததும் நிலமும் கட்டடமும் நகரத்துக்கு வந்துவிடும். மேயர் பதவியோ ஆண்டுதோறும் மன்றம் தேர்ந்தெடுப்பது. அவர் இருந்தது மூன்று தேர்வுகளின் காலம், அதுவும் நிறைவாக அன்று. அந்தச் சிறு பொழுதில் 75 ஆண்டுக்கு அப்பால் கணக்குப் போட்டவரை நான் வேறெங்கும் எளிதில் காணவில்லை.

இதற்கு ஒரு தடை எழும். எழ வேண்டும். அந்தத் தெருப் பகுதியில் இறப்பு விகிதம் 1873–75இல் ஆயிரத்துக்கு 53 ஆக இருந்து, 1879–81இல் 21 ஆகக் குறைந்தது. இதைத் திட்டத்தின் வெற்றி என்பார்கள். அங்கே செத்துக்கொண்டிருந்தவர்களே அங்கிருந்து போய்விட்டார்கள் அல்லவா என்று கேட்டால் என்ன விடை? வீடிழந்தவர்களுக்கு மாற்று வீடு கட்டித்தருவதில் நகராட்சி மிகவும் பின்தங்கியது. சட்டத்தின் பெயரில் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. தெருவில் எழுந்தவை பெரும்பாலும் கடைகளும் அலுவலகங்களும். ஏழைகள் பக்கத்து நெருக்கடிகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள். தூய தண்ணீரும் சீரான துப்புரவும் நகரெங்கும் உயிர் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 53க்கும் 21க்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் புகழ்க் கணக்கில் எழுத என் கை வரவில்லை. குத்தகை வரவு முறையாகப் பதிவான ஏட்டில், வெளியேறிய குடும்பங்களுக்குப் பத்தி ஒன்று இருக்கவில்லை.

சொந்த வாழ்வில் இதே ஆண்டுகள் அவருக்குக் கொடியவை. 1874இல் தந்தை இறந்தார். 1875இல் இரண்டாம் மனைவி பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவியும் 1863இல் அப்படியே போனவர். பணி நிற்கவில்லை.

1876இல் நாடாளுமன்றம் போன சேம்பர்லின், 1895 முதல் 1903 வரை குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்தார். அங்கே அவர் கதை நம் கதையைத் தொடுகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று நேட்டால் அரசு 1895இல் சட்டம் செய்தது. சேம்பர்லின் பதவியில் இருந்த ஆண்டுகளில் அந்த வரி நடப்பில் இருந்தது. 1902 டிசம்பர் இறுதியில் அவர் டர்பனுக்கு வந்தபோது, காந்தி இந்தியர்களின் குறைகளை எழுதிக் குழுவோடு போய்க் கொடுத்தார். தன்னாட்சி பெற்ற நாடுகளின்மீது லண்டனுக்கு அதிகாரம் குறைவு, அங்குள்ள வெள்ளையரோடு இணங்கிப் போங்கள் என்பதே கிடைத்த விடையின் சாரம். பர்மிங்காமின் கிணற்றுநீரைக் குடித்தவர்களுக்காக நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று வாதாடியவரின் விடை அது. வரி 1914 வரை நீடித்தது.