டேரா கான்ட்ராக்ட்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்து கேட்டில் நின்று, லம்ப்சமில் வேலை எடுத்த எந்த சப்-கான்ட்ராக்டரையும் கேளுங்கள். லாபம் வேலையில் இல்லை, செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது என்பார். எண்ணூருக்குத் துறைமுகம் வரும் முன்பே, 1802 வாக்கில், இந்த ஞானத்தை அடைந்தவர்கள் கும்பெனியின் மதராஸ் பட்டாளத்து துரைமார்கள்.

சிப்பாய்க்கு டேரா வேண்டும். டேராவைச் சுமக்க மாடு வேண்டும். மாட்டை ஓட்டவும் டேராவை அடிக்கவும் ஆள் வேண்டும். இதையெல்லாம் தானே கட்டி மேய்க்க அலுத்துப்போன கும்பெனி, மாதாமாதம் ஒரு தொகையைப் பட்டாலியன் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டது. சண்டை நடந்தாலும் அதே தொகை, பரங்கிமலையில் படுத்துக் கிடந்தாலும் அதே தொகை. படை நகராத மாதத்தில் டேரா கிழியாது, மாட்டுக்குக் குளம்பு தேயாது. மிச்சமெல்லாம் துரையின் பையில். உலக சமாதானத்தின் மேல் கர்னல்களுக்கு அத்தனை பிரியம் வேறெப்போது வந்திருக்கும்?

அமெரிக்க ராணுவம் இன்று சுழல்நிதி வைத்து இதே வேலையைச் செய்கிறது. படைகளுக்குத் தரும் சரக்குக்கு முன்கூட்டியே விலை கட்டுவார்கள். மிஞ்சினால் பின்வரும் ஆண்டு விலையில் குறைப்பார்கள், நட்டம் வந்தால் ஏற்றுவார்கள். மதராஸில் முன்கூட்டியே கட்டுவது மட்டும் ஒழுங்காக நடந்தது. குறைப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தவர்களில் ஒருவர் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ. (தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ வேறு, இவர் வேறு.) போருக்கும் அமைதிக்கும் ஒரே படி கொடுத்தால் அதிகாரியின் கடமை ஒரு பக்கமும் ஆதாயம் மறுபக்கமும் இழுக்கும் என்று அறிக்கை எழுதினார். 1808-இல் கான்ட்ராக்ட் ரத்தானது.

"எங்களைத் திருடன் என்கிறானா?" என்று துரைமார்கள் கொதித்தார்கள். அறிக்கையில் அந்த வார்த்தை இல்லை. குறுகுறுத்த நெஞ்சு தானாகப் படித்துக்கொண்டது. கவுன்சிலில் இடம் தராத கோபத்தில் இருந்த தளபதி மெக்டவல், 1809 ஜனவரியில் மன்றோவைக் காவலில் வைத்தார். அரசு விடுவித்தது. மெக்டவல் மன்றோவைக் கண்டித்து ஓர் உத்தரவை எழுதி வைத்துவிட்டுக் கப்பலேறினார். கவர்னர் பார்லோ அவரைப் பதவிநீக்கம் செய்தபோது மனிதர் ஊரிலேயே இல்லை. அவர் போன 'லேடி ஜேன் டண்டாஸ்' புயலில் மூழ்கியது. ஊர் போய்ச் சேரவில்லை.

கண்டன உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரியையும் பார்லோ இடைநீக்கம் செய்ய, மசூலிப்பட்டினம், ஐதராபாத், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தார்கள். வேலூரில் சிப்பாய்கள் எழுந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அன்று விசுவாசத்தைப் பற்றி வகுப்பெடுத்தவர்கள் இவர்கள்தான்! இப்போது பார்லோ சிப்பாய்களைத்தான் நம்பினார். பெரும்பாலோர் அரசுப் பக்கமே நின்றார்கள். துரை பேச்சைக் கேட்டு சித்ரதுர்க்கத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடந்த பட்டாலியன்கள் மேல் மைசூர்க் குதிரைப்படை பாய்ந்தது. எந்த மாதத்து டேரா பணத்திலும் பங்கு வாங்காத சிப்பாய்கள் அங்கே செத்தார்கள்.

துரைமார்களில் 21 பேரைத் தவிர மற்றவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. வேலை போனவர்களிலும் பெரும்பாலோரைக் கும்பெனி பிற்பாடு திரும்பச் சேர்த்துக்கொண்டது. பார்லோவைத்தான் 1812-இல் ஊருக்குத் திருப்பி அழைத்தார்கள்.