இது வேறு நாலாம் மாடி

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி எழும்பியிருக்கிறது. முதல் மாடியில் ஒரு வீடு மலிவாம். கனடாப் பிரஜையான என் மச்சானும் நானும் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மச்சானிடம் இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்குச் சட்டம் வேறு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, வெளிநாட்டவர் தொடர்மாடியில் நாலாம் மாடியிலோ அதற்கு மேலேயோதான் வாங்கலாம் என்றிருந்தது. (பயப்பட வேண்டாம், பொலிஸார் விசாரணைக்குக் கூப்பிடும் நாலாம் மாடி வேறு.) மச்சான் வாங்குவதென்றால், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பிறகுதான் உறுதி எழுதலாம்.

நீங்கள் தனியே வாங்குவதென்றாலும், புரோக்கர் காட்டும் கடலைக் கடைசியில் பாருங்கள். அது எங்கேயும் போகாது. முதலில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் இசைவுச் சான்றிதழையும், பதிவான கூட்டாதன வரைபடத்தையும் கேளுங்கள். வரைபடம் பதிவாகாமல் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி கிடையாது. கையில் இருப்பது வெறும் திறப்பு. கார் நிறுத்துமிடம் உங்களுக்கென்று வரைபடத்தில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்ப்பேச்சில் கார் நிற்காது. முத்திரை வரி வேறு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. லிப்ட், காவலாளிச் செலவு, வாடகைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் வரும்.

இதெல்லாம் வேண்டாம், கொட்டாஞ்சேனையிலேயே பழைய வீடொன்று வாங்குவோம் என்று நினைத்தால், உள்ளே இருப்பவர் யாரென்று விசாரியுங்கள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவரென்றால், உறுதி உங்களிடம், வீடு அவரிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நலம் விசாரித்துவிட்டு வரலாம்.