மிஞ்சிய நுரைக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு கன்னமும் முடிந்து, தாடைக்கடியில் எதிர்ப்போக்கில் ஒரு இழுப்பும் இழுத்தாகிவிட்டது. பிரஷ்ஷில் இன்னும் ஒரு முகத்துக்குக் காணும் நுரை நிற்கிறது. குழாயைத் திறந்து கழுவிவிடுவதா, நாளைக்கென்று மூடிவைப்பதா? டியூபின் வாலைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கும் குடும்பங்களில் இது லேசுப்பட்ட கேள்வி இல்லை. திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு நுரையைச் சேமிக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

நுரையைப் பார்க்குமுன் காலண்டரைப் பார்க்க வேண்டும். இன்று திங்கள் என்றால் சேமிப்பு வீண். நாளை செவ்வாய், சலூனே கதவைச் சாத்தும் நாளில் வீட்டில் ரேசரைத் தொட்டால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? வியாழக்கிழமை மிச்சம் வெள்ளிக்கு உதவாது, மகாலட்சுமி கோபித்துக்கொள்வாள். ஞாயிற்று நுரையை சோமவார விரதக்காரர்கள் திங்களன்று தொடமாட்டார்கள். அப்புறம் அமாவாசை, கிருத்திகை, மாதம் இரண்டு பிரதோஷம். மனைவி மாசமாக இருந்தால் பத்து மாதத்துக்கும் தாடி. கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டாலோ ஒரு மண்டலத்துக்கு பிரஷ்ஷே பரணுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் கழித்தால் தொந்தரவில்லாமல் தேறுகிற ஜோடிகள் புதன்-வியாழனும் சனி-ஞாயிறும்தான். அதாவது நுரைச் சேமிப்பு என்பது வாரத்தில் இரண்டே இரண்டு இரவுகளுக்கான திட்டம்.

அதில் ஓர் இரவைக்கூட நுரை தாங்காது. நுரையில் பெரும்பங்கு காற்று. சோப்பும் தண்ணீரும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய தோல். கிண்ணத்தில் வைத்த நிமிஷத்திலிருந்தே தண்ணீர் கீழே வடியும். சின்னக் குமிழிகள் தங்கள் காற்றைப் பக்கத்துப் பெரிய குமிழிகளிடம் இழந்து மறையும், பெரியவை உடையும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ப்பது இந்தச் சரிவைத் தள்ளிப்போடத்தான். ஆனால் அது கால்மணி நேரக் கணக்கு, ராத்திரிக் கணக்கு இல்லை. விடிந்து பார்த்தால் அடியில் கலங்கிய சோப்புத் தண்ணீரும் மேலே காய்ந்த பொருக்கும் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் மலை அடிக்கும் அனலுக்குப் பொருக்கு மட்டும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெய் உருக்க ஏடு சேர்த்துவைக்கும் எவர்சில்வர் கிண்ணமும் அதே தட்டில்தான் இருக்கும். "என்னங்க, ஏட்டுல எலுமிச்சை வாசனை வருது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தபிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

போர் தண்ணீரில் சவரம் செய்கிறவர்களுக்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துத் திரிதிரியாக்கிவிடும். நுரை முகத்துக்கே பற்றாது, மிஞ்சுவதெங்கே? மிச்சம் என்ற பிரச்சினை நல்ல தண்ணீர் வரும் வீடுகளின் சுகவாசப் பிரச்சினை. டப்பியை அழுத்தினால் புஸ்ஸென்று வரும் நுரைக்காரர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. வந்ததைத் திரும்ப உள்ளே தள்ள இதுவரை வழியில்லை.

சலூனில் மட்டும் மிச்சத்துக்கு உடனடி வாரிசு உண்டு: பெஞ்சில் தினத்தந்தி படித்துக்கொண்டிருக்கும் அடுத்த ஆள். முந்தின கன்னத்தில் சுழன்ற பிரஷ் அப்படியே உங்கள் பக்கம் திரும்பும்.

"அண்ணே, பிரஷ்ஷைக் கழுவிட்டுப் போடுங்கண்ணே."

"சோப்புதாம்பா, ஒண்ணும் ஆவாது."

ஆகும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். ஒரு கீறல் அதற்குப் போதும். பிளேடை நம் கண்முன் உடைத்து மாற்றுகிறார்கள், பிரஷ்ஷை யாரும் கேட்பதில்லை. ஆகவே அடுத்தவர் மிச்சத்தைக் கூச்சப்படாமல் மறுக்கவும். உங்கள் சொந்த மிச்சத்தைச் சட்டைக் காலரில் தேய்க்கலாம், அழுக்கு போகும். கண்ணாடியில் பூசித் துடைத்தால் மார்கழியில் வெந்நீர் ஆவி படியாது. இந்த இரண்டுக்கு மேல் அதற்கு எதிர்காலம் கிடையாது.

சிக்கனத்துக்கு இந்த ஊரில் மேலான முன்மாதிரி உண்டு என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுத்தவர் ரமணர். துண்டுத் தாள்களைத் தைத்து நோட்டுப் புத்தகமாக்கியவர். ஆனால் சவர விஷயத்தில் அவர் வழியே வேறு. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன், அய்யங்குளக் கரையில் தலையை மழித்துக்கொண்டான். கையில் மிச்சமிருந்த மூன்றரை ரூபாயையும், வழியில் யாரோ அன்பாகக் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் குளத்தில் எறிந்தான். மழித்தபின் குளிக்கவும் இல்லை. மழை வந்து நனைத்துவிட்டுப் போனது. மூன்றரை ரூபாயையே மிச்சம் வைக்காதவரிடம் நுரைக்கு ஆதரவு தேடுவது வீண். பிற்பாடு ஆசிரமத்திலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் அவருக்குச் சவரம். லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றும் அதே நாள். மாதம் ஒரு சவரம் என்று வைத்துக்கொள்ளத் துணிந்தால் உங்கள் சேமிப்பு எந்த மூடிபோட்ட கிண்ணத்தையும் மிஞ்சும்.

இனி, கழுவிவிட்டால் நீர்நிலை கெடுமே என்று தயங்கும் நல்லவர்களுக்கு. நீங்கள் கழுவப்போகும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். ஊருக்குக் குடிநீர் தரும் சாத்தனூர் அணை 1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்தது. அந்த ஆறு நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக இறங்கி, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையைத் தொட்டு வருகிறது. பெங்களூரின் சாக்கடையும் சலவைச் சோப்பும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அதில் கலக்கின்றன. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியில் மதகைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நுரை பொங்கிப் பாலத்தின்மேல் ஏறும், பஸ் நிற்கும். 2015-இல் பெல்லந்தூர் ஏரியில் நுரையே தீப்பிடித்து எரிந்தது. அக்னித் தலத்துக்காரர்களான நாம் நெருப்பைப் பார்க்க மலை உச்சிக்குக் கொப்பரையும் நெய்யும் சுமக்கிறோம். பெங்களூர்க்காரர்களுக்கு ஏரித் தண்ணீரே போதுமாக இருந்திருக்கிறது. கெலவரப்பள்ளி மிச்சத்தைச் சேமிக்கக் கிண்ணமும் மூடியும் வைத்திருப்பவர்கள் யாராவது நீர்வளத் துறையை அணுகலாம்.

உங்கள் பிரஷ்ஷில் உள்ளதை அரைச் சொம்புத் தண்ணீரில் அலசி, நாலு உதறு உதறி, மயிர் கீழே பார்க்க மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பவும். ஈரத்தோடு நட்டுவைத்தால் அடிவேர் அழுகி முடி கொட்டும். போகிறபோது இடது காதோரம் ஒட்டியிருக்கும் வெள்ளையைத் துடைத்துக்கொள்ளவும். இந்த ஊரில் அதையும் விபூதி என்று எண்ணி, தரிசனத்துக்கு இன்றைக்குக் கூட்டம் எப்படி என்று கேட்பார்கள்.