கோழிக்குஞ்சுக்கு ஏது பாஸ்போர்ட்டு?

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. 'பிராந்திய ஸ்திரத்தன்மை', 'எல்லை தாண்டிய முதலீடு'ன்னு வாய் நிறையப் பேசுத. பேசு, காசா பணமா? நமாங்கா கோழிக்குஞ்சு சங்கதி தெரியுமாலே உனக்கு?

நமாங்கா, கென்யாவும் தான்சானியாவும் முட்டிக்கிடக்க எல்லை ஊரு. 2017 கடைசியில கென்யாவுல இருந்து 6,400 கோழிக்குஞ்சு அந்தப் பக்கம் போச்சு. அனுமதிச் சீட்டு இல்லையாம். பறவைக் காய்ச்சல் வந்துருமாம். தான்சானியா அதிகாரிமாரு அம்புட்டையும் தீயில போட்டுட்டாவ. அதே சமயத்துல, எல்லை தாண்டி மேயப் போன கென்யா மாசாய் மேய்ச்சக்காரவ மாடு 1,300-க்கு மேல தான்சானியாவுல ஏலத்துல போச்சு. மாடு என்னலே வரைபடம் பாத்தா மேயும்? புல்லு கண்ட பக்கம் போகும்.

இதுல கூத்து என்னன்னா, ரெண்டு நாடும் 'கிழக்கு ஆப்பிரிக்க சமூக'த்துல கூட்டாளி. சரக்கு, ஆளு, முதலு எல்லாம் தடையில்லாமப் போகலாம்னு 2010-லயே பொதுச் சந்தை வச்சாச்சு. அந்தச் சமூகத்துக்குத் தலைமை ஆபீசு எங்க? அதே தான்சானியாவுல, அருஷாவுல! நமாங்காவுல இருந்து காலையில கிளம்புனா மத்தியானச் சோத்துக்கு அங்க போயிரலாம். ஒப்பந்தத்துக்கு மட்டும் நமாங்கா வந்து சேர வழி தெரியல.

இது பழைய சீக்குலே. 1967-லதான் இந்தச் சமூகமா மொதல்ல கூடுனாவ. ரயிலு பொது, விமானக் கம்பெனி பொது. 1977-ல பங்காளிச் சண்டை, எல்லாம் உடைஞ்சு போச்சு. அன்னைக்குத் தான்சானியா பூட்டுன கென்யா எல்லையத் தொறக்க 1983 ஆச்சு. 1999-ல மறுபடியும் கையெழுத்து. பேனாவுக்கா பஞ்சம்?

அதே சமூகத்துல இருக்க உகாண்டாவும் ருவாண்டாவும் சளைச்ச ஆளா? நீ ஒற்றன் அனுப்புத, நீ கலகக்காரனுக்குச் சோறு போடுதன்னு ரெண்டு தலைவரும் மல்லுக்கு நின்னாவ. 2019 பிப்ரவரியில அவுக எல்லையில இருக்க 'கட்டுனா' ஊரு கேட்டு விழுந்துச்சு. 2022 ஜனவரி கடைசியிலதான் எந்திரிச்சுது. மூணு வருசம்! மூட்டை தூக்கிப் பிழைக்கவன் என்ன செய்வான்? ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கேட்டு மூடுனா கடத்தல்காரனுக்குக் கொண்டாட்டம்.

பெரிய முதலு மட்டும் தப்புமாக்கும்? கென்யாவுல இருந்து ஈக்விட்டி பேங்கும் கேசிபி பேங்கும் காங்கோ வரைக்கும் போய்க் கடை விரிச்சாவ. கெட்டிக்காரத்தனந்தான். 2025 ஜனவரியில 'எம்23'ங்கிற கலகக்காரப் படை காங்கோவுல இருக்க கோமா ஊரைப் பிடிச்சுது. அந்த ஊரு பேங்கு எல்லாத்துக்கும் பூட்டு, மாசக்கணக்குல தொறக்கல. துப்பாக்கிச் சத்தம் கேக்க இடத்துல எவன்லே வட்டிக்கணக்குப் பாப்பான்?

புத்தி வந்த இடமும் உண்டு, இல்லைன்னு சொல்லல. கென்யா–உகாண்டா எல்லையில புசியா. முன்னெல்லாம் இந்தப் பக்கம் ஒரு முத்திரை, அந்தப் பக்கம் ஒரு முத்திரை; லாரி நாள்கணக்குல வரிசையில நிக்கும். 2018-ல ரெண்டு நாட்டு அதிகாரியையும் ஒரே கூரைக்குள்ள உக்கார வச்சு ஒரே சோதனைச்சாவடி ஆக்கிட்டாவ. ஒரு நிறுத்தம், வேலை முடிஞ்சுது. இதுக்கு என்னத்துக்குலே இம்புட்டு வருசம்?

நீ நாளைக்கு முதலீட்டு மாநாட்டுக்குக் கோட்டு மாட்டிக்கிட்டுப் போவ. போ. மேடையில இருக்க பெரிய மனுசன்மாருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வா: ஒப்பந்தத்த அலமாரியில வைக்காம, கேட்டுல நிக்க அதிகாரிக்கு மொதல்ல படிச்சுக் காட்டுங்கய்யா. முதலு தானா வரும்.