ஈரத்துணி

1986-ல் அப்பா பழைய கார் வாங்கப்போகிறார் என்றதும் விருதுநகரில் எங்கள் தெருவே வேண்டாம் என்றது. அந்த மாடல் வண்டி கோடையில் நின்றுவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாருதி 800 வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அப்பாவிடம் இருந்ததோ பி.எஃப். கடனாக எடுத்த ரூ. 28,000. அதற்கு எட்டியது பன்னிரண்டு வருடம் ஓடிய இந்த வண்டிதான்.

மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். பாய் முதலில் பானெட்டைத் தொட்டுப்பார்த்தார். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பிறகு என்னைச் சைலன்சர் பக்கம் நிறுத்திப் புகையின் நிறத்தைச் சொல்லச் சொன்னார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. இரண்டும் இல்லை.

"அண்ணாச்சி, எஞ்சின் நல்லாருக்கு. ஆனா சித்திரை வெயில்ல நிக்கும். நின்னா என்ன செய்யணும்னு நான் சொல்லித்தாரேன். வாங்கிக்கோங்க."

சொன்னபடியே நின்றது. அக்னி நட்சத்திரத்தில், சாத்தூர் தாண்டி, வீடே வண்டிக்குள் இருக்கும்போது. பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கும். சூடு ஏறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. அம்மா குடிதண்ணீர்ச் செம்பைச் சாய்த்து ஒரு துண்டை நனைத்துக்கொடுத்தாள். அப்பா அதைப் பம்பின் மேல் சுற்றினார். புளியமர நிழலில் கால்மணி நேரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். வண்டி கிளம்பிவிட்டது. பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. காயில், ஃபேன் பெல்ட், ஒரு துண்டு, ஒரு கேன் தண்ணீர் இவை டிக்கியை விட்டு இறங்கியதே இல்லை. பன்னிரண்டு வயதில் நானே உப்புத்தாளால் பாயிண்ட் தேய்ப்பேன்.

போன மாதம் சென்னையில் நான் ஒரு பழைய கார் பார்த்தேன். ஆறு வயது வண்டி, ஐந்தரை லட்சம். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் ஆட்டோமேட்டிக். படிவம் 29, 30, வங்கிக் கடன் தீர்ந்த சான்று எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அதன் கியர்பாக்ஸ் பெயர் கெட்டது. வைத்திருப்பவர்களைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

பாயின் மகனை மதுரையிலிருந்து வரச்சொன்னேன். ஸ்கேனரைச் செருகிப்பார்த்தார், ஒரு கோளாறும் காட்டவில்லை. அவருக்கு அது போதவில்லை. சாயங்கால நெரிசலில் வடபழனியிலிருந்து கோயம்பேடு பக்கம் ஓட்டச்சொன்னார். அரைமணியில், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது வண்டி உதறத் தொடங்கியது.

அந்தக் கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இந்த வகையில் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. ஊர்ந்து போகும்போது பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகும். இதையெல்லாம் நடத்துகிற மின்பலகையும் வால்வுகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

"உன்னால பிரிக்க முடியுமா தம்பி?"

"முடியாதுண்ணே. பலகை போனா பெட்டியோட மாத்தணும். லட்சத்துல பேசுவாங்க. வாரண்டியும் முடிஞ்சிருச்சு."

ஒரு மாதமாக எல்லோரிடமும் நான் கேட்டது, இது நிற்குமா நிற்காதா என்பதைத்தான். அப்பா அதைக் கேட்டதே இல்லை. நிற்கும் என்று தெரிந்துதான் வாங்கினார். நின்ற இடத்தில் தன் கையால் ஆவது என்ன, கூப்பிட்டால் யார் வருவார் என்ற கணக்கு மட்டும் அவரிடம் இருந்தது. வாரண்டி இரண்டு வருடம் மிச்சமிருந்தால் நானும் வாங்கியிருப்பேன்.

விற்பவர் முப்பது வயதுப் பையன். வீட்டில் கைக்குழந்தை, நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று பயந்துதான் விற்கிறாராம். உதறலைச் சொன்னோம். முகம் வாடிவிட்டது.

பாயின் மகன் கிளம்பாமல் அவரைச் சீட்டில் உட்காரவைத்தார். "அடி அடியா நகத்தாதீங்க. பிரேக்கை நல்லா அழுத்தி நில்லுங்க. முன்வண்டி கொஞ்ச தூரம் போகட்டும், அப்புறம் எடுங்க. சூடு கம்மியாகும்."

பையன் அதைத் திருப்பிச் சொன்னார். சரியா என்று கேட்டார். பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு, முன்வண்டிக்கு நன்றாக இடம் விட்டு, கோயம்பேடு வரை ஓட்டிக்காட்டினார்.