இது என்னுடையது அல்ல – இப்படிக்கு, ஆண்டி வார்ஹோல்

1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். ஹாலிவுட் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நியூயார்க்கில் ஓவியர் ஆண்டி வார்ஹோல், 'நயாகரா' படத்துக்காக எடுத்த பழைய விளம்பர ஸ்டில் ஒன்றைப் பிடித்தார். தூரிகையெல்லாம் எதற்கு? ஸ்கிரீன் பிரிண்டிங்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே வித்தை: சட்டத்தில் இறுக்கிய துணி, மேலே மை, ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. லிப்ஸ்டிக் உதட்டைத் தாண்டி வழிந்தால் அச்சகத்தில் திட்டு விழும். இவருக்குக் கைதட்டல் விழுந்தது.

1967-ல் அதே முகத்தைத் தாளில் அடித்து விற்கக் கிளம்பினார். மூன்றடிக்கு மூன்றடி தாள், பத்து விதமான நிறச் சேர்க்கை, ஒவ்வொன்றிலும் 250 பிரதி. பின்பக்கம் பென்சிலில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பில் எண். இயந்திரமாகிவிட ஆசை என்று பேட்டி கொடுத்த மனிதர், இயந்திரத்தை 250-ல் ஏன் நிறுத்தினார்? மையா தீர்ந்துவிட்டது? 251-வது மர்லினும் அதே அழகோடுதான் வருவாள். அதனாலேயே அவள் வரக் கூடாது. அதுதான் லிமிடெட் எடிஷன். கலைஞருக்கென்று ஒதுக்கி, ஏ முதல் இஸட் வரை எழுத்துப் போட்ட 26 'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்'கள் தனி. பந்தியில் வீட்டுக்காரர் இலையை யாராவது எண்ணுவார்களா?

அதோடு நின்றிருக்கலாம். பெல்ஜியத்துக்காரர் இருவரோடு கூட்டுச் சேர்ந்து நெகட்டிவையும் வண்ணக் குறிப்பையும் தூக்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மனஸ்தாபம். ஆளோடு பேச்சை நிறுத்தலாம், போன நெகட்டிவ் திரும்புமா? 1970-ல் அவர்கள் 'சண்டே பி. மார்னிங்' என்று பெயர் வைத்துக்கொண்டு அடித்துத் தள்ளினார்கள். பின்பக்கம் ஒரு முத்திரை: உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்! இவ்வளவு நாணயமான நகலை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தவர் எடுத்த போட்டோவில் பிழைத்தவர் எந்த முகத்தோடு 'திருடன்' என்று கத்துவார்? தன் பூப்படத்தை எடுத்தாண்டதற்காக பாட்ரீஷியா கால்ஃபீல்டு என்ற புகைப்படக்காரர் 1966-லேயே இவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். ஆகவே வார்ஹோல் வேறு வழி கண்டார். யாராவது அந்த நகலை நீட்டினால், வாங்கி, 'இது என்னுடையது அல்ல' என்று எழுதினார். எழுதியவர் சும்மா இருந்தாரா? கீழே 'ஆண்டி வார்ஹோல்' என்று ஒப்பமும் இட்டார். படம் போலி, மறுப்பு அசல்! மறுப்பு உள்ள தாள்களை ஏலக் கம்பெனிகள் மரியாதையாகப் பட்டியலில் ஏற்றுகின்றன. மறுப்பு இல்லாத பிரதிக்கு அந்த மவுசு கிடையாது.

அதே பெயரில், நீல மை முத்திரையோடு, புதுப் பிரதிகள் பின்னாலும் வந்துகொண்டே இருந்தன. மறுத்து எழுதித்தர ஆள்தான் இல்லை. வார்ஹோல் 1987-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்குகிறவர்கள் முத்திரை சொன்னபடி தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.