இஸ்பேட் ராஜா வீட்டுக் கல்யாணம்

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள், ரிசப்ஷனை ஷிஃப்ட் சார்ட் பார்த்துக் குறிப்பார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார், லாரி, புல்லட், டயர் என்று ஏதாவது ஒன்று ராப்பகலாக உருண்டு வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அதைச் செய்கிற பிள்ளைகள்தான் நம் வீட்டுப் பந்தியிலும் உட்கார வேண்டும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வருவார்கள். செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கழுத்தில் ஐடி கார்டு தொங்க, நள்ளிரவுக்கு மேல் வந்து "பந்தி இருக்கா பிரதர்?" என்பார்கள். நைட் ஷிஃப்ட்காரர்களின் மொய்க் கவர் மட்டும் வேறு யாருடைய சட்டைப் பையிலாவது ஏறி வரும்.

"அதனாலதான் சித்தப்பா, ராத்திரி பூரா ஓடற மாதிரி ஒரு தீம் வேணும். கேசினோ வெச்சிடலாம்" என்றான் அண்ணன் மகன். அவன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். பெண்ணுக்கு மகேந்திரா சிட்டியில் வேலை. கேசினோவில் ஜன்னல் இருக்காது, கடிகாரம் இருக்காது, உள்ளே போனால் பகலா இரவா தெரியாது என்று ஆசையாக விளக்கினான். இதைத்தான் நீ தினம் எட்டு மணி நேரம் பார்க்கிறாயே என்று கேட்கலாம் என்றிருந்தேன். மாப்பிள்ளைப் பையன், முகம் வாடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

தீம் இல்லாமல் இப்போது யாரும் கல்யாணம் செய்வதில்லை. போன வைகாசியில் ஒரு வீட்டில் கிராமத்துத் தீம். மாட்டு வண்டி, உரல், லாந்தர் எல்லாம் வாடகைக்கு வந்து இறங்கின. நிலத்தைச் சிப்காட்டுக்குக் கொடுத்துவிட்டு வண்டியை விறகுக்கு விற்ற பெரியவர்கள், அந்த வாடகை வண்டி முன்னால் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தவனுக்குக் கேசினோ ஒன்றும் பெரிய அதிர்ச்சி இல்லை.

யோசனை கோவாவில் இருந்து வந்தது. ஆபீஸ் டூரில் போனவர்கள் மாண்டவி ஆற்றில் விளக்குப் போட்டு நிற்கும் கேசினோ கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கோவா தன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 1992-ல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் காசு போட்டால் சுழலும் இயந்திரங்களை அனுமதித்தது. அப்புறம் ஆட்டம் ஆற்றுக்கும் இறங்கியது. சிக்கிம் 2002-ல் தனிச் சட்டமே போட்டது. நம் கதை வேறு. 1968-ல் அரசே பரிசுச் சீட்டு விற்ற மாநிலம் இது. 2003 ஜனவரியில் லாட்டரி மொத்தத்தையும் இழுத்து மூடியது. அண்ணன் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் தவறாமல் லாட்டரி வாங்கியவர். தடை வந்த அன்றைக்குத்தான் தன் நம்பருக்கு விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

சட்டம் என்றதும் அண்ணனுக்குப் பயம். செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய்வருகிற பக்கத்துத் தெரு வக்கீலிடம் என்னை அனுப்பினார். வக்கீல் 1930-ம் வருடச் சூதாட்டச் சட்டத்தில் இருந்து ஆரம்பித்தார். ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-லேயே சொல்லிவிட்டதாம். நம் மெட்ராஸ் ரேஸ் வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996-ல் தீர்ப்பாம். கல்யாணம் திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்டேன். அதற்கு ஃபீஸ் தனி என்றார்.

"இடத்துக்காரன் ஆட்டக் கருவியை வெச்சு லாபம் பாத்தாதான் அது சூதாட்ட விடுதி. நீங்க லாபம் பாக்கறீங்களா?"

"இல்லை சார். காசே கிடையாது. பிளாஸ்டிக் வில்லைதான்."

"அப்ப பயமில்லை. வாசல்ல பணம் எதுவும் வாங்கலியே?"

"மொய் வாங்குவோம் சார்."

"அது யாருக்குப் போகும்?"

"அண்ணனுக்கு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மொய் மேஜையை மட்டும் ரூலெட் பக்கத்துல போடாதீங்க" என்றார்.

வீட்டில் எதிர்ப்பு ஆயாவிடம் இருந்து வந்தது. ஆயா சட்டம் பேசவில்லை, பாரதம் பேசினாள். எங்கள் ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோவில் இல்லாத வட்டாரம் இல்லை. அக்கினி வசந்தம் என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பகடை துகில் நடக்கிற ராத்திரி, திரௌபதி வேஷக்காரர் கையெடுத்துக் கும்பிட்டால் முன்வரிசையில் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். ஆயா அந்த முன்வரிசை. "தருமராசா நாட்டைத் தோத்தாரு, தம்பிங்களைத் தோத்தாரு, தன்னையே தோத்தாரு, கடைசில கட்டினவளையும் தோத்தாரு. அதையாடா கல்யாணத்துல வெப்பீங்க?" என்றாள். அண்ணன் மகன் சும்மா இருக்காமல், "அது ஒரு கேஸுதான் ஆயா" என்றான். "நளன்?" என்றாள். அவனுக்கு நளனைத் தெரியாது. சுயம்வரத்தில் தேவர்களையே தாண்டி மாலை வாங்கியவன் பகடையில் எல்லாவற்றையும் விட்டுக் காட்டுக்குப் போன கதையை, சோறு ஆறும் வரைக்கும் கேட்க வேண்டியதாயிற்று.

வள்ளுவரை நான் எடுத்துக் கொடுத்தேன். சூதுக்கு என்றே ஓர் அதிகாரம், 94-வது. அதற்கு முந்தியது கள்ளுண்ணாமை, பிந்தியது மருந்து. ரிசப்ஷன் முடிந்த மறுநாள் காலை மண்டப மாடியில் ஏறிப் பார்த்தவர் யாரும் அந்த வரிசையில் குறை சொல்ல மாட்டார்கள்.

அண்ணனின் கவலை நரசிம்மர். முகூர்த்தம் முடிந்த கையோடு ஜோடியைச் சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் சன்னதிக்கு அழைத்துப் போவதாக வேண்டுதல். மலையைக் குடைந்த குகைக் கோவில் அது. சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். உக்கிரமாக உட்கார்ந்திருக்கும் மூலவரின் நெற்றித் திருமண்ணை ஆரத்தியின்போது அர்ச்சகர் விலக்கிக் காட்டுவார், உள்ளே மூன்றாவது கண். கடன் தீர வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வந்து வேண்டிக்கொள்கிறார்கள். "கடனைத் தீர்க்கற சாமி ஊர்ல, கடனாளியாக்கற ஆட்டத்துக்கா பந்தல் போடறது? மூணு கண்ணும் நம்ம மேலதாண்டா இருக்கும்" என்றார் அண்ணன். கல்யாணத்துக்கு வாங்கிய கடனை எந்தக் கணக்கில் சேர்த்தார் என்று கேட்கவில்லை.

கடைசியில் ஆயாவை மசிய வைத்தது நிறப் பிரச்சினைதான், அவளுக்கே அதில் ஒரு வேலை கிடைத்ததால். டெக்கரேஷன் தம்பி லேப்டாப்பில் காட்டிய கேசினோ முழுக்கக் கறுப்பும் சிவப்பும். கல்யாண மேடையில் கறுப்பா? அத்தைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். ரூலெட் சக்கரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு, பூஜ்யம் மட்டும் பச்சை என்று தம்பி மன்றாடினான். "கறுப்பு இருக்கற இடத்துல மஞ்சள் அடி" என்றாள் ஆயா. அடித்தான். மஞ்சளும் குங்குமமுமாகச் சக்கரம் தயாரானது. அதைப் பார்த்த ஒரு பெரியம்மா, ஆரத்தித் தட்டு ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டார்.

இந்தச் சக்கரத்தின் சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். மொத்தம் 37 வீடு. நீங்கள் கட்டிய எண்ணில் குண்டு விழுந்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள், கட்டியதும் திரும்பி வரும். ஆக, கைக்கு வருவது 36. நியாயமாக 37 வர வேண்டும். அந்த ஒன்றுதான் கடைக்காரனின் சோறு. நூறு ரூபாய்க்குச் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும், தனித்தனியாக யார் ஜெயித்தாலும் தோற்றாலும். அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம். அங்கே அது 5 ரூபாய் 26 காசு.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அவ்ளோதானா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். 2009-ல் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு 501 வைத்தீர்கள். அவர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து அதே 501-ஐ வைத்துவிட்டு, மனைவி, மக்கள், மச்சான் சகிதம் சாப்பிட்டுப் போவார். தங்கம் ஏறியது, எண்ணெய் ஏறியது, 501 ஏறவில்லை. கேசினோவில் கடை வைத்தவன் ஒருநாளும் தோற்க மாட்டான். கல்யாணத்திலோ கடை வைத்த வீட்டுக்காரர் ஒருவர்தான் தோற்கிறார். சமையல் காண்ட்ராக்டர், மண்டபம், போட்டோ, வீடியோ, டிரோன் என்று சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஜெயிக்கிறார்கள். இப்படி ஓர் ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிற குடும்பத்துக்குப் போய் ரூலெட்டைப் புதுசு என்று காட்டுகிறான் பையன்.

பத்திரிகையும் சீட்டுக்கட்டு மாதிரிதான் வேண்டும் என்றான். மேலே "ஸ்ரீ லக்ஷ்மி நரசிம்மர் துணை", அதன் கீழே இஸ்பேட் ராஜாவாக மாப்பிள்ளை, ஆட்டின் ராணியாகப் பெண். மாதிரி அச்சாகி வந்தபோது அண்ணி பழக்க தோஷத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். இஸ்பேட் ராஜாவின் கிரீடம் மங்களகரமாகிவிட்டது. சம்பந்தி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ராஜா பெரிசா, ராணி பெரிசா?" என்றார். அறையில் பேச்சு நின்றது. ரம்மியில் ராஜாவுக்கும் பத்து, ராணிக்கும் பத்து என்று நான் சொன்ன பிறகுதான் காப்பி உள்ளே இறங்கியது. "அப்போ ஜாக்கிக்கும் பத்துதானே மாமா?" என்றான் பெண்ணின் தம்பி. அவனையும் ஒரு மூலையில் போட்டோம்.

சம்பந்தி பக்கத்துச் சிங்கப்பூர்ப் பெரியப்பா ஒருவர் போனிலேயே ஆலோசனை சொன்னார். அங்கே கேசினோவுக்குள் போகச் சிங்கப்பூர்க்காரர் நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019-க்கு முன்னால் 100 வெள்ளியாக இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு ஒன்றும் கிடையாது. சொந்த ஜனம் கெட்டுப்போகக் கூடாது என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு. நாமும் அப்படிச் செய்தால் என்ன என்றார். சொந்த ஜனத்திடம் வாசலில் காசு கேட்கிற யோசனையை அண்ணன் கொஞ்ச நேரம் ஆசையோடு நினைத்துப் பார்த்தது எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது மண்டபம். ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருக்கிறது. அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிமுறைகள். அசைவம் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, மது அருந்தவும் சீட்டாடவும் கண்டிப்பாகக் கூடாது. மேனேஜரிடம் போய் நின்றோம். அவர் ரசீதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விரலால் வரி வரியாகத் தடவினார். "சீட்டுதான் கூடாதுன்னு போட்டிருக்கு. சக்கரம் கூடாதுன்னு எங்கயும் போடலியே" என்றார். அவர் கவலையெல்லாம் சக்கரத்துக்கு எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதுதான். சீட்டு கூடாது என்பதால் பிளாக்ஜாக்கும் போக்கரும் பட்டியலில் இருந்து போயின.

போன இடத்தை ஆயா நிரப்பினாள். பிளாக்ஜாக் மேஜையில் குடம், அதற்குள் மோதிரம். நலங்கில் பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று தரம் கையை விட்டுத் துழாவுவார்களே, அதேதான். பகடை மேஜையில் பித்தளைத் தாயக்கட்டை. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்துப் பரமபதம் ஆடுகிற ஆயாவுக்குத் தாயம் சூதாட்டக் கணக்கில் வராது. தருமராசாவை நினைவுபடுத்தினேன். "அவருக்கு ஆடத் தெரியல" என்றாள்.

ஆக, டை கட்டிய இரண்டு பையன்கள், மஞ்சள் ரூலெட், ஒரு குடம், இரண்டு தாயக்கட்டம். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து வில்லை, ஜெயித்த வில்லையைக் கொடுத்தால் ஐஸ்கிரீமோ பீடாவோ உண்டு. இதற்குக் கேசினோ பேக்கேஜ் என்று முழுப் பில்லும் வந்தது. விதிமுறையில் தடை செய்யப்பட்ட சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது வழக்கம்போல மாடியில், மாப்பிள்ளை ரூமுக்கு அடுத்த ரூமில், பெட்ஷீட் விரித்து நடந்தது. மாமாக்கள் உள்ளே வெளியே ஆடினார்கள். மேனேஜர் மேலே வந்து கதவைத் தட்டி, விதிமுறையை ஞாபகப்படுத்தி, ஒரு கை உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கீழே தாயக்கட்டத்தை விட்டு அத்தைகள் எழவில்லை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் என்று டை கட்டிய பையனுக்கே பாடம் எடுத்தார்கள். வெட்டு விழுந்தபோது எழுந்த கூச்சலில் மேடையில் லைட் மியூசிக் பாடகர் பல்லவியை மறந்தார். செகண்ட் ஷிஃப்ட் பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது மண்டபத்து வில்லைகளில் பெரும் பங்கு ஆயாவின் மடியில் இருந்தது. சாம்பார் சாதமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு அவர்களும் உட்கார்ந்து தோற்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் மொய்க் கவர்களைப் பிரித்தோம். ஒன்றில் 200 ரூபாய் நோட்டும் நாலு பச்சை வில்லையும் இருந்தன. நோட்டு எழுதுகிற மாமா ஒழுங்கானவர், வந்ததை வந்தபடி எழுதுவார். பெயருக்கு நேரே "ரூ. 200, ப. வில்லை 4" என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டார். அந்த வீட்டில் தை மாதம் கிரகப்பிரவேசம். 200-ஐத் திருப்பி வைத்துவிடலாம், வில்லைக்கு என்ன செய்வது என்று அண்ணன் என்னைக் கேட்கிறார். டெக்கரேஷன் தம்பி வில்லைகளை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டான், நாலு குறைந்ததற்குப் பில்லிலும் ஏற்றிவிட்டான்.